அப்பாவ சிஸ்டர்ஸ் நடத்துற இடத்துல சேர்க்கலாமான்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். அப்பாவுக்கு வயசு 67, வாய்ல கேன்சர், கழுத்து வரைக்கும் வந்துடுச்சு, பெரிய ஆஸ்பத்திரில இனிமே கீமோ வேணாம் வீட்டுக்கு கூட்டிட்டு போங்கன்னு சொல்லிட்டாங்க, ராத்திரி பூரா முனகுறாரு, பக்கத்து டவுன்ல கன்னியாஸ்திரிங்க நடத்துற ஒரு இடத்துல சேர்க்கச் சொல்றாங்க, ஆனா அங்க வாசல்ல 'முழு மனிதனுக்கும் சிகிச்சை'ன்னு போர்டு இருக்கு, அதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டிருக்கீங்க. நாங்க இந்து குடும்பம், அப்பா முருக பக்தர், ஜெபம் பண்ணி மதம் மாத்திடுவாங்களோ, வலிய சிலுவையா நெனச்சு தாங்கிக்கோங்கன்னு சொல்லிடுவாங்களோ, சாமி கும்பிடுற சிஸ்டர்ஸுக்கு மருத்துவம் தெரியுமான்னும் கேட்டிருக்கீங்க. எல்லாமே நியாயமான கேள்விதான். ஒண்ணு விடாம சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

நான் ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கக் கிறிஸ்தவர், அத முதல்லயே சொல்லிடறேன். நர்ஸா 26 வருஷம் வேலை பாத்தேன், அதுல கடைசி 14 வருஷம் இதே மாதிரி சிஸ்டர்ஸ் நடத்துற ஒரு சின்ன இடத்துல, மொத்தம் 18 கட்டில், வந்தவங்க எல்லாரும் 'இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்ல'ன்னு சொல்லி அனுப்பப்பட்டவங்க. அந்த வார்த்தைய கேட்டாலே எனக்கு இப்பவும் வயிறு எரியும். கட்டிய ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன், ஆனா அந்த மனுஷனுக்கு பண்றதுக்கு எவ்வளவோ இருக்கு. உங்க அப்பா ராத்திரி முனகுறாருன்னு எழுதினீங்களே, அந்த முனகல் பெரும்பாலானவங்களுக்கு சரியான மருந்து சரியான நேரத்துக்கு குடுத்தா சில நாள்லயே கட்டுக்குள்ள வந்துடும், இது நான் கண்ணால பாத்தது, ஒண்ணு ரெண்டு பேர் இல்ல.

முழு மனிதன்னு அவங்க போட்டிருக்கறதுக்கு அர்த்தம் சொல்றதுக்கு முன்னாடி ஒரு அம்மாவப் பத்தி சொல்லிடறேன், பேர் ஊர் எதுவும் வேணாம். மார்புல கட்டி வெடிச்சு புண்ணாகி வந்தாங்க, அறுபதுக்கு மேல வயசு. ஆட்டோல இருந்து இறக்கும்போதே வாசனை வராண்டா வரைக்கும் வந்துடுச்சு. வீட்ல அவங்கள மாட்டுக்கொட்டாய் பக்கத்துல தனியா ஒரு கட்டில் போட்டு வச்சிருந்தாங்க, மகன் கெட்டவன் இல்ல, வீட்ல சின்ன குழந்தைங்க, என்ன பண்றதுன்னு தெரியல அவ்வளவுதான். வந்த அன்னிக்கு அந்தம்மாகிட்ட வலி எப்படி இருக்கு, பத்துக்கு எவ்வளவுன்னு கேட்டேன். பதில் சொல்லல. சேலை முந்தானைய இழுத்து இழுத்து புண்ண மூடிக்கிட்டே இருந்தாங்க, நான் கிட்ட போக போக தள்ளி தள்ளி உக்காந்தாங்க.

எங்க சிஸ்டர், அவங்களும் நர்ஸ்தான், கட்டில்ல அவங்க பக்கத்துலயே உக்காந்து, உப்புத்தண்ணில நனைச்ச காஸ் துணிய மெதுவா வச்சு வச்சு பழைய துணிய பிரிச்சாங்க. பிய்க்கவே இல்ல, அது தானா ஊறி விடற வரைக்கும் முக்கால் மணி நேரம் ஆச்சு. அப்புறம் மெட்ரோனிடசோல் மாத்திரைய நுணுக்கி பவுடராக்கி புண்ணு மேல தூவினோம். இது பெரிய ரகசியம் ஒண்ணும் இல்ல, பாலியேட்டிவ் வேலை, அதாவது நோய குணமாக்க முடியாதப்ப வலியையும் கஷ்டத்தையும் கொறைக்கற வேலை, பாக்கற எல்லாருக்கும் தெரியும், புண்ணுல அந்த நாத்தத்த உண்டாக்கற கிருமிய அது கொல்லுது, விலையும் ரொம்ப கம்மி. தினமும் பண்ணோம், அஞ்சாறு நாள்ல வாசனை நல்லா கொறைஞ்சுது. அடுத்த ஞாயித்துக்கிழமை மகன் குடும்பத்தோட வந்தான், நாலு வயசு பேரன் வாசல்லயே நின்னான், அப்புறம் ஓடிவந்து கட்டில்ல ஏறி உக்காந்துட்டான். அந்தம்மா அன்னிக்கு சாயங்காலம் என்னைய கூப்பிட்டு, "வலி கொறைஞ்சிருக்கு தாயி"ன்னாங்க. நான் சார்ட்ட எடுத்து பாத்தேன், மாத்திரை டோஸ் மூணு நாளா அதேதான், ஒரு மில்லிகிராம் கூட ஏத்தல.

இதத்தான் முழு மனிதன்ங்கிறாங்க. உடம்புக்கு ஒரு கவுண்டர், மனசுக்கு ஒரு கவுண்டர், சாமிக்கு ஒரு கவுண்டர்னு ஆஸ்பத்திரிய பிரிச்சு வச்சுட்டு அதுக்கு பேர் முழு மனிதன்னு சொன்னா அது தப்பு. அந்தம்மாவுக்கு புண்ணுலயும் வலி இருந்துச்சு, மாட்டுக்கொட்டாய்லயும் வலி இருந்துச்சு, ரெண்டும் ஒரே இடத்துலதான் வலிச்சுது.

இத மருத்துவத்துல பேர் வச்சு எழுதினவங்க சிசிலி சாண்டர்ஸ்ங்கிற இங்கிலாந்து டாக்டர், அவங்க கத்தோலிக்கர் இல்ல, ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்து திருச்சபைய சேர்ந்தவங்க. 1918ல பிறந்தவங்க, முதல்ல நர்ஸ், முதுகு பிரச்சினையால அந்த வேலைய விட்டுட்டு ஆஸ்பத்திரி சமூகப் பணியாளரானாங்க, சாகப்போறவங்களுக்கு ஏதாவது பண்ணணும்னா டாக்டராகுன்னு ஒரு சர்ஜன் சொல்ல முப்பது வயசுக்கு மேல திரும்ப காலேஜ் போய் 1957ல டாக்டரா வெளிய வந்தாங்க. அடுத்த வருஷம் லண்டன்ல ஹாக்னிங்கிற ஏழைப்பட்ட ஏரியால செயின்ட் ஜோசப் ஹாஸ்பிஸ்ல சேர்ந்தாங்க, ஹாஸ்பிஸ்னா சாகப்போறவங்கள வச்சுப் பாத்துக்கற இல்லம். அது அயர்லாந்து கன்னியாஸ்திரிங்க, சிஸ்டர்ஸ் ஆஃப் சாரிட்டி சபை, 1905ல ஆரம்பிச்ச இடம். அந்த சபைய 1815ல டப்ளின்ல தொடங்கினவங்க மேரி ஐக்கன்ஹெட், அவங்க கடைசியா இருந்து இறந்த வீட்டையே 1879ல அந்த சபை சிஸ்டர்ஸ் சாகப்போற ஏழைங்களுக்கான இல்லமா மாத்தினாங்க. அதாவது சாண்டர்ஸ் வர்றதுக்கு முன்னாடியே அந்த சிஸ்டர்ஸுக்கு இதுல ரெண்டு தலைமுறை பழக்கம் இருந்துச்சு.

அங்க அவங்க பாத்தது என்னன்னா, அன்பு இருக்கு, சுத்தம் இருக்கு, பக்கத்துல உக்கார ஆள் இருக்கு, ஆனா வலி மருந்து மட்டும் அந்தக் காலத்து எல்லா ஆஸ்பத்திரி மாதிரியும் வலி வந்து நோயாளி கத்தினதுக்கு அப்புறம்தான், அதுவும் பழக்கமாயிடும்னு பயந்து பயந்து. சாண்டர்ஸ் அத மாத்தினாங்க. மார்ஃபின்ங்கிற வலுவான வலி மருந்த வாய் வழியா, மணி பாத்து, அடுத்த வலி வர்றதுக்கு முன்னாடியே குடுக்கறது, ஒவ்வொருத்தருக்கும் எவ்வளவு குடுத்தோம் என்னாச்சுன்னு எழுதி வைக்கிறது. எழுதி எழுதி நிரூபிச்சாங்க, நோயாளி தூங்கி வழியல, டோஸ் கன்னாபின்னான்னு ஏறல, எழுந்து உக்காந்து பேசறாங்க. 1964 வாக்குல ஒரு நோயாளி அம்மாகிட்ட வலியப் பத்தி சொல்லுங்கன்னு கேட்டப்ப, முதுகுல ஆரம்பிச்சுது டாக்டர், இப்ப நான் முழுசாவே சரியில்லாத மாதிரி இருக்குங்கிற அர்த்தத்துல சொன்னாங்களாம். அதுல இருந்துதான் 'முழு வலி'ங்கிற சிந்தனை வந்துச்சு, உடம்பு வலி, மனசு வலி, குடும்பம் காசு சம்பந்தப்பட்ட வலி, ஆன்ம வலி எல்லாம் பின்னிக் கிடக்குன்னு. 1967ல அவங்களே செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ தொடங்கினாங்க, இன்னிக்கு உலகத்துல நடக்கற பாலியேட்டிவ் கேர் எல்லாம் அங்க இருந்து கெளம்பினதுன்னே சொல்லலாம். ஆனா அதுக்கு அடித்தளம் போட்ட ஏழு வருஷ வேலை ஹாக்னி சிஸ்டர்ஸ் வார்டுல நடந்தது. சிஸ்டர்ஸ்கிட்ட பொறுமை இருந்துச்சு, சாண்டர்ஸ் கடிகாரத்தையும் நோட்டையும் கொண்டு வந்தாங்க. ரெண்டுல ஒண்ணு இல்லன்னாலும் அது முழு மனிதனுக்கான சிகிச்சை ஆகாது, என்னோட அழுத்தமான கருத்து இது.

ஒண்ணு இல்லாம போனா என்ன ஆகும்ங்கிறதையும் மறைக்க விரும்பல. கல்கத்தா காளிகாட்ல 1952ல அன்னை தெரசா தொடங்கின நிர்மல் ஹ்ருதய் உங்களுக்கு தெரிஞ்சிருக்கும். 1994ல லான்செட் மருத்துவப் பத்திரிகையோட ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ் அங்க போய் பாத்துட்டு எழுதினாரு, சுத்தம், புண்ணப் பாத்துக்கறது, கனிவு எல்லாம் இருக்கு, ஆனா வலுவான வலி மருந்து இல்லன்னு. என் சபைக்காரங்க நிறைய பேருக்கு அப்ப கோவம் வந்துச்சு. எனக்கு அன்னை தெரசா மேல இருக்கற மரியாதை கொறையல, தெருவுல கிடந்தவங்கள தூக்கிட்டு வந்த கைங்க அது, ஆனா அந்த விமர்சனத்துல சொன்னது சரி. எலும்புல கேன்சர் பரவினவருக்கு கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா மட்டும் போதாது தம்பி, மார்ஃபின் வேணும். அதனால நீங்க பயந்தது ஒண்ணும் வெறும் கற்பனை இல்ல. அங்க போனதும் முதல்ல கேக்க வேண்டிய கேள்வி எதுன்னு கீழ சொல்றேன்.

சிலுவைன்னு சொல்லி தாங்கிக்கச் சொல்வாங்களோன்னு கேட்டதுக்கு வர்றேன். சொல்றவங்க இருக்காங்க. எங்க இடத்துக்கே ஞாயித்துக்கிழமைல பாக்க வர்ற ஒரு பக்தியுள்ள பெரியம்மா ஒரு தடவ, எலும்பு வலில துடிச்சுட்டு இருந்த ஒரு அக்காகிட்ட போய், "இயேசு எவ்வளவு பட்டாரு, இத ஒப்புக்கொடு, மாத்திரை கேக்காத"ன்னு சொல்லிட்டு போயிட்டாங்க. அந்தக்கா நம்பி ஒரு நாள் முழுக்க மாத்திரைய நாக்குக்கு அடியில வச்சுட்டு நான் போனதும் துப்பியிருக்கா. மறுநாள் காலைல உடம்பு பூரா வேர்த்து, பல்ல கடிச்சுட்டு கெடந்தா, தலையணைக்கு அடியில நாலு மாத்திரை. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. அன்னிக்கு சாயங்காலம் ஃபாதர் வந்து அவ பக்கத்துல உக்காந்து ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு, "வலி கொறைஞ்சாத்தாம்மா நீ நிம்மதியா ஜெபமே பண்ண முடியும், மாத்திரைய போட்டுக்கோ."

அவரு சொந்தமா சொன்னதில்ல அது, கத்தோலிக்கத் திருச்சபையோட போதனையே அதுதான். 1957 பிப்ரவரி 24ஆம் தேதி போப் 12ஆம் பயஸ், மயக்க மருந்து டாக்டர்ங்ககிட்ட பேசும்போது இத தெளிவா சொல்லிட்டாரு. வலிய போக்க மருந்து குடுக்கறது சரிதான், வேற வழி இல்லன்னா, அந்த மருந்தால ஆயுசு கொஞ்சம் கொறையலாம்னு தெரிஞ்சாலும்கூட குடுக்கலாம், ஏன்னா நோக்கம் வலிய போக்கறது, உயிர எடுக்கறது இல்ல. விருப்பப்பட்டு ஒருத்தர் வலிய தாங்கிக்கறாருன்னா அது அவரோட சொந்த முடிவு, அடுத்தவங்க தலைல கட்ட முடியாது. நடைமுறைல டோஸ பாத்து ஏத்தினா மார்ஃபின் ஆயுச கொறைக்கறதில்லன்னுதான் இத்தன வருஷத்துல நாங்க பாத்தது. ஆனா அதே போதனைல இன்னொரு பக்கமும் இருக்கு, உயிர முடிக்கறதுக்காகவே ஒரு ஊசி போடுங்கன்னு நீங்களோ அப்பாவோ கேட்டா போட மாட்டாங்க. சட்டமும் அதான், அவங்க மனசாட்சியும் அதான். கத்தோலிக்க ஆஸ்பத்திரிங்கள்ல கருக்கலைப்பு, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ண மாட்டாங்கன்னும் சேத்து சொல்லிடறேன், உங்க அப்பா விஷயத்துக்கு சம்பந்தம் இல்ல, ஆனா வீட்ல பிரசவத்துக்கு அங்க போற பொண்ணுங்க இருந்தா முன்கூட்டியே தெரிஞ்சுக்கறது நல்லது, கடைசி நிமிஷத்துல போய் கேட்டுட்டு அலையக் கூடாது.

அதே 1957ல நவம்பர் மாசம் அந்த போப் பேசினது ஐசியுவப் பத்தி. சாதாரண சிகிச்சைய விடக் கூடாது, ஆனா நோயாளிக்கும் குடும்பத்துக்கும் தாங்க முடியாத பாரமா இருக்கற சிகிச்சைய எடுத்தே ஆகணும்னு கட்டாயம் இல்லன்னாரு. கத்தோலிக்க இடம்னா கடைசி மூச்சு வரைக்கும் வெண்டிலேட்டர்ல போட்டு இழுத்துட்டு இருக்கணும்னு நிறைய பேர் நெனைக்கறாங்க, தப்பு. நிலத்த வித்து ஐசியுல நாலு நாள் போடணும்னு எந்தச் சாமியாரும் உங்ககிட்ட சொல்ல முடியாது. சாகவிடறதும் சாகடிக்கறதும் வேற வேற, அந்த வித்தியாசத்த அவங்க ரொம்ப கவனமா பிடிச்சுட்டு இருக்காங்க.

சிஸ்டர்ஸுக்கு மருத்துவம் தெரியுமான்னீங்க. ஒரு காலத்துல கத்தோலிக்கத் திருச்சபையே அவங்கள தடுத்துச்சு, அது நிஜம். துறவறத்துல இருக்கறவங்க டாக்டர் தொழில் பண்றதுக்கும் பிரசவம் பாக்கறதுக்கும் தடை இருந்துச்சு. இங்க நம்ம நாட்டுல பொம்பளைங்க ஆம்பள டாக்டர்கிட்ட காட்ட மாட்டேன்னு பிரசவத்துலயே செத்துட்டு இருந்தாங்க. மேரி க்ளோரின்னு ஒரு ஆஸ்திரேலியா டாக்டரம்மா, 1910ல மெல்போர்ன்ல படிச்சு முடிச்சவங்க, அங்க நல்ல வேலைல இருந்தவங்க, இந்த நிலைமைய ஒரு சின்ன புத்தகத்துல படிச்சுட்டு எல்லாத்தையும் விட்டுட்டு 1920ல குண்டூருக்கு வந்து கன்னியாஸ்திரி ஆனாங்க, டாக்டர் வேலை பாக்க போப்கிட்ட இருந்து தனி அனுமதி வாங்கினாங்க. அந்தத் தடை பொதுவா விலகினது 1936லதான். 1943ல இவங்க தொடங்கினதுதான் இந்தியக் கத்தோலிக்க மருத்துவமனைங்களோட சங்கம், இன்னிக்கும் நடக்குது. கத்தோலிக்க மெடிக்கல் காலேஜ் ஒண்ணு வேணும்னு அவங்க ஆசைப்பட்டாங்க, பெங்களூர்ல செயின்ட் ஜான்ஸ் 1963ல வந்துச்சு, அத பாக்க அவங்க இல்ல, 1957லயே பெங்களூர்ல கேன்சர்ல இறந்துட்டாங்க. கேன்சர் வலி அந்த டாக்டரம்மாவுக்கும் தெரிஞ்சதுதான். அதனால உங்க பக்கத்து டவுன் சிஸ்டர்ஸ் ஜெபமாலை மட்டும் உருட்டறவங்கன்னு நெனச்சுக்காதீங்க, நர்ஸிங் படிச்சவங்க, டாக்டருக்கே படிச்சவங்க நிறைய பேர் இருக்காங்க. ஆனாலும் டாக்டர் தினமும் வர்றாரா வாரம் ஒருக்காவான்னு நேரா கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்ல.

நம்ம ஊர் உதாரணமும் ஒண்ணு சொல்லணும், எனக்கு ரொம்ப பிடிச்சது. செங்கல்பட்டு பக்கம் போலம்பாக்கம். அப்பல்லாம் தொழுநோய் வந்தா ஊரை விட்டு, பொண்டாட்டி புள்ளைய விட்டு, எங்கயோ ஒரு இல்லத்துல கொண்டு போய் அடைச்சு வைப்பாங்க, இல்லன்னா பிச்சை. 1955ல பெல்ஜியத்துல இருந்து வந்த டாக்டர் ஃபிரான்ஸ் ஹெமெரிக்ஸ் அங்க ஒரு மையம் தொடங்கினாரு, கூட டாக்டர் க்ளேர் வெல்லூட், இவங்க கத்தோலிக்க பெண் பணியாளர் அமைப்ப சேர்ந்தவங்க, பின்னாடி இந்தியக் குடியுரிமையே வாங்கிட்டாங்க. அவங்க செஞ்சது என்னன்னா, நோயாளிய கூட்டிட்டு வந்து அடைக்கறதுக்கு பதிலா, வண்டிய எடுத்துட்டு கிராமம் கிராமமா போய், ரோட்டோர மரத்தடில மேஜையப் போட்டு, இன்ன கிழமை இன்ன மரத்தடின்னு சொல்லி வச்சு தொழுநோய்க்கான டாப்சோன் மாத்திரை குடுத்தாங்க. வர்றவங்க மாத்திரைய வாங்கிட்டு திரும்ப தன் வயலுக்கே போயிடலாம். மாத்திரை அதேதான், இல்லத்துல அடைச்சு வச்சாலும் அந்த மாத்திரைய குடுத்திருக்கலாம். ஆனா மனுஷன அவன் வீட்டுலயும் வேலையிலயும் வச்சுக்கிட்டே வைத்தியம் பாத்தாங்க பாருங்க, அதுல அந்த டாக்டருங்க யாரும் 'முழு மனிதன்'னு போர்டு வச்சாங்களான்னு கேட்டா எனக்கு அது முக்கியமே இல்ல.

மதம் மாத்தறதப் பத்தி. வெளிப்படையா சொல்றேன், படுக்கைல கிடக்கறவர்கிட்ட போய் இயேசுவ ஏத்துக்கோன்னு நெருக்கறது கேவலமான காரியம், எங்க போதனைக்கே விரோதம். 2005ல போப் 16ஆம் பெனடிக்ட் எழுதின முதல் சுற்றுமடல்லயே, அதாவது திருச்சபை முழுசுக்கும் எழுதற கடிதத்துலயே, அன்புப் பணிய ஆள் சேக்கறதுக்கான கருவியா பயன்படுத்தக் கூடாது, அன்பு இலவசம்னு இருக்கு. மும்பை பாந்த்ரால 1986ல டாக்டர் டி சூசாங்கிற கேன்சர் சர்ஜன் தொடங்கின சாந்தி அவேத்னாதான் இந்தியாவோட முதல் ஹாஸ்பிஸ், ஹோலி கிராஸ் சிஸ்டர்ஸ் பாத்துக்கறாங்க, எல்லா மதத்துக்காரங்களும் இருப்பாங்க, காசு வாங்கறதில்ல. வேளாங்கண்ணி உங்களுக்கே தெரியும், ஆரோக்கிய மாதான்னு மொட்டை போட்டுட்டு வர்றவங்கள்ல எத்தன பேர் கிறிஸ்தவங்க? உலக நோயாளர் தினம்னு ஒவ்வொரு பிப்ரவரி 11ம் சபை கொண்டாடுது, 2002ல அதோட உலக அளவிலான நிகழ்ச்சி அங்க வேளாங்கண்ணிலதான் நடந்துச்சு.

எங்க வார்டுல பழக்கம் எப்படின்னா, காலைல சிஸ்டர்ஸ் சாப்பல்ல பூசைக்கு போவாங்க, வார்டுல ஸ்பீக்கர் வைக்கறதில்ல. கட்டில் பக்கத்து சின்ன அலமாரில ஒருத்தருக்கு விபூதி சம்புடம் இருக்கும், அடுத்தவருக்கு தர்கா தாயத்து, அதுக்கடுத்தவருக்கு அந்தோணியார் படம். கை தூக்க முடியாத ஒரு தாத்தாவுக்கு தினம் குளிப்பாட்டினதும் எங்க சிஸ்டரே விபூதி பூசி விடுவாங்க, மூணு விரல்ல பட்டையா வரணும், கோணலா போனா அவரு ஒத்துக்க மாட்டாரு, துடைச்சுட்டு திரும்ப பூசுவாங்க. கத்தோலிக்க நோயாளிங்க கேட்டா ஃபாதர் வந்து நோயில்பூசுதல் குடுப்பாரு, ஜெபம் சொல்லி எண்ணெய் பூசற சடங்கு அது. எங்க பாட்டி காலத்துல அதுக்கு அவஸ்தை பூசுதல்னு பேரு, சாமியார் எண்ணெய எடுத்துட்டு வந்தாலே கதை முடிஞ்சுதுன்னு வீட்ல அழ ஆரம்பிச்சுடுவாங்க. உலகத்து ஆயருங்க எல்லாம் கூடின வத்திக்கான் சங்கத்துக்கு அப்புறம், 1972ல சடங்க திருத்தி, சாகற நேரத்துக்குன்னு மட்டும் இல்ல, கடுமையா நோய்வாய்ப்பட்ட யாருக்கும் பலம் குடுக்கறதுக்குன்னு மாத்தினாங்க. இது கத்தோலிக்கருக்கானது, உங்க அப்பாவுக்கு யாரும் கட்டாயமா பூச மாட்டாங்க. யாராவது நெருக்கினா பொறுப்புல இருக்கற சிஸ்டர்கிட்ட அன்னிக்கே சொல்லுங்க, அப்பவும் மாறலன்னா அந்த இடம் வேணாம்.

ஆனா ஆன்ம வலின்னு ஒண்ணு இருக்கு, அத மதத்தோட போட்டு குழப்பிக்காதீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சுக்கிட்டு, நான் யாருக்கு என்ன பாவம் பண்ணேன் எனக்கு ஏன் இப்படின்னு கேக்கறாரே, அது. தம்பிகூட நிலத்தகராறுல இருபது வருஷமா பேசாம இருக்கறது, அது. பொண்ணு கல்யாணத்துக்கு வாங்கின கடன் பாக்கி, அது. இதுக்கெல்லாம் நர்ஸ்கிட்ட மாத்திரை கிடையாது, ஆனா இது தீராம மார்ஃபின் டோஸ மட்டும் ஏத்திட்டே போனா வேலைக்கு ஆகாது, நானே பாத்திருக்கேன். யாராவது காது குடுத்து கேக்கணும், முடிஞ்சா அந்த தம்பிக்கு ஒரு போன் போடணும். உங்க அப்பா வாய்ப்புண்ணால சரியா பேச முடியாதவரா இருந்தா ஒரு சிலேட்டோ நோட்டும் பேனாவுமோ கைல குடுங்க, இது பெரிய விஷயம், பேச முடியாதவர்கிட்ட யாரும் கேள்வியே கேக்காம விட்டுடறாங்க.

இப்ப போனதும் கேக்க வேண்டியது. முதல் கேள்வி, இங்க மார்ஃபின் இருக்கா, அத எழுதற டாக்டர் இருக்காரா. நம்ம நாட்டுல 1985ல வந்த போதைப்பொருள் சட்டம் மார்ஃபின் வாங்கி வைக்கறத ரொம்ப கஷ்டமாக்கிடுச்சு, 2014ல சட்டத்த திருத்தி லேசாக்கினாங்க, ஆனாலும் அங்கீகாரம் வாங்கின இடத்துலதான் கிடைக்கும், எல்லா ஆஸ்பத்திரிலயும் இருக்காது. இல்லன்னு சொன்னா, கனிவு இருக்கட்டும், எங்க கிடைக்கும்னு கேட்டு அங்க போங்க. ரெண்டாவது, ராத்திரி வலி வந்தா யார் குடுப்பாங்க, நர்ஸ் முழிச்சிருப்பாங்களா. மூணாவது, மார்ஃபினோட மலச்சிக்கலுக்கும் சேத்து மருந்து குடுக்கறாங்களா, இது கேட்டா உடனே ஆமான்னு பதில் வரணும், மார்ஃபின் தெரிஞ்சவங்களுக்கு இது அனிச்சையா வரும். மார்ஃபின்னதும் உறவுக்காரங்க யாராவது அடிமையாயிடுவாரு, இனி கடைசி கட்டம்னு பயமுறுத்துவாங்க. வலிக்காக டாக்டர் பாத்து அளந்து குடுக்கறது போதைக்கு எடுக்கறது மாதிரி இல்ல, வலி இருக்கும்போது எப்ப வேணா ஆரம்பிக்கலாம், கொறைக்கவும் செய்யலாம். நீங்களா நிறுத்தறதும் ஏத்தறதும் மட்டும் கூடாது.

கழுத்துல புண்ணு வெடிச்சிருந்தா, இல்ல கட்டுல ரத்தக் கசிவு இருந்தா, சேர்க்கும்போதே வெட்கப்படாம தொறந்து காட்டுங்க. வாசனைக்கு நான் சொன்ன பவுடர் பத்தி கேளுங்க. வீட்லயே வச்சுக்கணும்னு அப்பா சொன்னா அதுக்கும் வழி இருக்கு, இந்த மாதிரி இடங்கள்ல நிறைய பேர் வீட்டுக்கு வந்து பாக்கற நர்ஸும் வச்சிருப்பாங்க, சேர்க்கறதுதான் ஒரே வழின்னு இல்ல, சில நாள் அங்க இருந்து வலிய கட்டுக்குள்ள கொண்டு வந்துட்டு வீட்டுக்கும் கூட்டிட்டு வரலாம்.

அப்புறம் அம்மா. உங்க கேள்வில அம்மாவப் பத்தி ஒரே ஒரு வரி இருந்துச்சு, மூணு மாசமா அவங்கதான் ராத்திரி முழிச்சிருக்காங்கன்னு. அவங்களுக்கு சுகர் இருக்கா, மாத்திரை ஒழுங்கா போடறாங்களா? அப்பாவ சேர்க்கற அன்னிக்கு அவங்களையும் கூட்டிட்டு போய் சிஸ்டர்கிட்ட பிரஷர் பாக்கச் சொல்லுங்க, நல்ல இடமா இருந்தா நீங்க கேக்கறதுக்கு முன்னாடி அவங்களே பாப்பாங்க. அப்பாவோட விபூதி, அவரு தலைக்கு வச்சுக்கற பழைய தலையணை, கண்ணாடி, இதுவரைக்கும் குடுத்த எல்லா மாத்திரை அட்டையும் ஒரு பைல போட்டுக்கோங்க. இப்ப ராத்திரிக்கு என்ன மாத்திரை குடுக்கறீங்க, எத்தன மணிக்கு, அது எவ்வளவு நேரம் தாங்குதுன்னு இங்க எழுதுங்க, அத வச்சு டாக்டர்கிட்ட என்ன சொல்லணும்னு சொல்றேன்.